‘மலேசியருக்கு மட்டும்’ கப்பல் சலுகை: நால்வர் குடும்பம் கடைசி நேரம் வரை காத்திருக்கலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் ஜொகூர் மாநிலத்தின் லாபிஸ் பட்டணத்தில் வசிக்கிறோம். என் கணவருக்கு 43 வயது. செம்பனை ஆலையில் வேலை செய்கிறார். வாழ்நாள் முழுவதும் பால்மரம் வெட்டிய என் மாமியாருக்கு இப்போது 68 வயது. அவரையும் எங்கள் 10 வயது மகனையும் ஒரு முறையாவது சொகுசுக் கப்பலில் அழைத்துப் போகவேண்டும் என்று 6,000 ரிங்கிட் சேர்த்து வைத்திருக்கிறோம். பள்ளி விடுமுறையில், இன்னும் மூன்று வாரத்தில், ஒரு வெள்ளிக்கிழமை சிங்கப்பூரிலிருந்து புறப்படும் மூன்று இரவுப் பயணத்துக்கு ‘மலேசியருக்கு மட்டும், கடைசி நேரச் சலுகை, இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கு 799 ரிங்கிட்’ என்று ஒரு விளம்பரம் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்தது. துறைமுகக் கட்டணமும் சேவைக் கட்டணமும் தனியாக ஒருவருக்கு 410 ரிங்கிட் என்று கீழே சிறிய எழுத்தில் இருந்தது. இன்றிரவுக்குள் முழுப் பணத்தையும் தன் கணக்கில் போடச் சொல்கிறார் முகவர். போடலாமா, அல்லது இன்னும் விலை இறங்கும் வரை காத்திருக்கலாமா? பணம் போதாவிட்டால் கணவரின் சேமநிதி நெகிழ்வுக் கணக்கிலிருந்து 2,000 ரிங்கிட் எடுக்கலாமா? சிங்கப்பூரில் வேலை அனுமதியுடன் இருக்கும் என் தம்பி, அங்கே உள்ளூர்வாசி விலை இன்னும் குறைவு என்கிறான்.

பதில்: இன்றிரவு பணம் போடவேண்டாம். காத்திருந்து இதைவிட மலிவாகப் பிடிக்கலாம் என்ற எண்ணமும் உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தாது. இரண்டுக்கும் காரணம், இந்தச் சலுகை எப்படிப் பிறக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

கப்பல் நிறுவனங்கள் பொதுவாகப் புறப்படும் நாளுக்கு இரண்டு, மூன்று மாதங்களுக்கு முன் மீதித் தொகையைக் கட்டச் சொல்லும். அந்தக் கெடுவுக்குள் கட்டாதவர்களின் அறைகளும் மனம் மாறியவர்களின் அறைகளும் மறுபடி விற்பனைக்கு வந்துவிடும். கப்பலோ அறை நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் அதே எரிபொருளை எரித்து, அதே பணியாளர்களுக்குச் சம்பளம் கொடுத்துப் புறப்பட்டாக வேண்டும். ஆள் ஏறினால் மதுக்கூடத்திலும் சூதாட்டக்கூடத்திலும் கடைகளிலும் கொஞ்சம் பணம் விழும் என்பதால், அறையை வெறுமனே விடுவதைவிட மலிவாகத் தள்ளிவிடுவதே அவர்களுக்கு இலாபம். விமானம் ஏறி வரவேண்டிய வெளிநாட்டவரால் இரண்டு, மூன்று வார அவகாசத்தில் கிளம்ப முடியாது. ஆகவே பேருந்திலோ காரிலோ துறைமுகத்தை எட்டிவிடக்கூடியவர்களைக் குறிவைத்து, ஊர்வாசிகளுக்கு மட்டும் என்று ஒரு விலையை வெளியிடுகிறார்கள். மற்ற நாடுகளில் முழு விலை கொடுத்தவர்கள் கோபித்துக்கொள்ளாமல் இருக்கவும் இந்த வேலி உதவுகிறது.

அந்த மலிவு யார் கைக்குப் போகிறது என்பதைக் கவனியுங்கள். கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் இருவர் தங்கும் அறைகள்தாம். மூன்றாவது, நான்காவது கட்டில் இருக்கும் அறைகள் கப்பலில் குறைவு. குடும்பங்கள் அவற்றை முதலிலேயே எடுத்துவிடுகின்றன. போதாததற்கு, உயிர்காப்புப் படகு ஒவ்வொன்றுக்கும் இத்தனை பேர் என்ற கணக்கு இருப்பதால், அறை காலியாக இருந்தாலும் கூடுதல் ஆளை ஏற்றமுடியாது என்ற நிலையும் வரும். இதோடு பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்கிறது. ஜூன் மாதத்திலும் ஆண்டு இறுதியிலும் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கும் விடுமுறை என்பதால், அந்த வாரங்களில் கப்பலை நிரப்ப நிறுவனம் பெரிதாகச் சிரமப்படுவதில்லை. பிள்ளை வளர்ந்து தனியே போய்விட்ட தம்பதி, தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை புறப்படத் தயாராக இருந்தால், கடைசி நேர விலை அவர்களுக்குக் கனிந்து விழும். பள்ளி செல்லும் மகனும் கீழ்க்கட்டில் தேவைப்படும் முதியவரும் இருக்கும் வீட்டுக்கு, காத்திருக்கக் காத்திருக்கத் தெரிவுதான் குறையும். நானும் ஒரு முறை, இன்னும் நூறு ரிங்கிட் இறங்கட்டும் என்று நான்கு பேருக்கான அறைக்காகக் காத்திருந்து, கடைசியில் இரண்டு தளங்களில் இரண்டு அறை எடுத்து, அம்மாவைத் தேடி மின்தூக்கியிலேயே பாதிப் பயணத்தைக் கழித்தவன்தான்.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். நால்வருக்கு 799 வீதம் 3,196 ரிங்கிட். துறைமுகக் கட்டணமும் சேவைக் கட்டணமும் 410 வீதம் 1,640. இதுவே 4,836 ஆகிவிட்டது. ஒரே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளுக்கு அடிப்படைக் கட்டணம் சற்றுக் குறையலாம். ஆனால் துறைமுகக் கட்டணம் தலைக்குத்தான், ‘பிள்ளைகளுக்கு இலவசம்’ என்று அறிவிக்கும் பயணத்திலும் அதைக் கட்டியாக வேண்டும். கடப்பிதழ் பற்றி நீங்கள் எதுவுமே எழுதவில்லை. நால்வருக்கும் புதிதாக எடுக்க வேண்டியிருந்தால், உங்களுக்கும் கணவருக்கும் 200 ரிங்கிட் வீதமும், மாமியாருக்கும் மகனுக்கும் சலுகைக் கட்டணமாக 100 ரிங்கிட் வீதமும் மொத்தம் 600 ஆகும். ஏற்கெனவே கையில் இருந்தாலும், பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். ஆக 5,436 போய், கையில் நிற்பது 564 ரிங்கிட். யொங் பெங் வழியாக ஜொகூர் பாரு போய் எல்லையைக் கடந்து மரினா பே துறைமுகம் வரை நான்கு பேர் போய்வரும் செலவு, பயணக் காப்புறுதி, கப்பலில் மகன் கேட்கும் பானம், கரை இறங்கும் ஊரில் ஒரு வண்டி வாடகை என எல்லாம் இதற்குள் அடங்கவேண்டும். கப்பலுக்குள் ஆகும் செலவு ரிங்கிட்டில் வராது. சிங்கப்பூர் வெள்ளியில் கணக்கு எழுதினால் ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் போகும்.

வெள்ளிக்கிழமை புறப்பாடு என்பதும் எனக்கு உறுத்துகிறது. பள்ளி விடுமுறை வெள்ளியன்று ஜொகூர்ப் பாலத்து நெரிசலை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பதிவு மேசை மூடிவிட்டால் கப்பல் நிற்காது; கட்டிய பணமும் திரும்பாது. விடியற்காலையிலேயே பாலத்தைத் தாண்டிவிட வேண்டும், இல்லையேல் முதல் நாளே போய்த் தங்க ஒரு அறை வாடகையையும் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். சிங்கப்பூருக்குள் நுழையும் மின்னியல் வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பவேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளம் எதுவானாலும் விலகிவிடுங்கள்.

கடைசி நேரத்தில் வாங்கும் பயணம் கெடு தாண்டிய பயணம் என்பதால், பெரும்பாலும் பணம் திரும்பாத வகையாகவே விற்கப்படும். மாமியாருக்கு முந்தின நாள் காய்ச்சல் வந்தால் 799-உம் போய்விடும். காப்புறுதி எடுக்கும்போது அவருடைய நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவற்றை மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோயைப் பல திட்டங்கள் ஏற்பதில்லை, கப்பல் மருத்துவரின் கட்டணமோ சிறியதன்று.

முகவர் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். ‘தன் கணக்கில்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தனிநபர் கணக்கு என்றால் பேச்சே வேண்டாம். சுற்றுலா நிறுவனங்கள் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேளுங்கள், அமைச்சிடம் சரிபாருங்கள், நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும் கட்டுங்கள். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்த அந்த நிமிடமே தேசிய மோசடி தடுப்பு மையத்தின் 997 என்ற எண்ணை அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் தடுக்க அதுதான் வழி. உரிமம் உள்ள நிறுவனம் சொன்னதைச் செய்யவில்லை என்றால், 5 ரிங்கிட் கட்டணத்தில் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். பெரிய பெயர் என்பதற்காக மட்டும் கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம்: நம் நாட்டவருக்கு நன்கு அறிமுகமான ஸ்டார் குரூசஸ், டிரீம் குரூசஸ் கப்பல்களை நடத்திய கெந்திங் ஹாங்காங் நிறுவனமே 2022 ஜனவரியில் கலைப்பு மனுவுடன் நீதிமன்றம் போனது. கடன் அட்டையில் கட்டினால், சேவை கிடைக்காதபோது வங்கியிடம் முறையிட ஒரு வாய்ப்பாவது இருக்கும். ஆனால் அடுத்த மாத அறிக்கை வந்ததும் முழுமையாக அடைத்துவிட வேண்டும், ஏனெனில் நிலுவைக்கு ஆண்டு வட்டி 15 முதல் 18 விழுக்காடு.

நெகிழ்வுக் கணக்கைத் தொடவேண்டாம். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது அவசரத்துக்காகத் தரப்பட்ட வசதி. சேமநிதி வாரியம் 2024-ஆம் ஆண்டுக்கு 6.30 விழுக்காடு இலாப ஈவு அறிவித்தது. சராசரியாக 6 விழுக்காடு என்றே வைத்துக்கொண்டாலும், உங்கள் கணவர் 55 வயதை எட்டும் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த 2,000 ஏறக்குறைய 4,000 ஆகும். இந்தப் பயணத்துக்காகக் கூட்டுப் பணம் (சீட்டுப் பணம்) எடுக்கும் எண்ணம் இருந்தால் அதையும் விடுங்கள். கூட்டு நடத்துவதை நம் நாட்டில் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது, பிடித்தவர் ஓடிவிட்டால் நீங்கள் போய் நிற்க இடம் இருக்காது.

உங்களுக்கு நான் சொல்லும் வழி வேறு. கடப்பிதழ்களை இப்போதே எடுத்துவிடுங்கள். இவ்வளவுதான் என்று நால்வருக்குமான மொத்தச் செலவுக்கு ஒரு வரம்பை வீட்டில் எல்லாரும் பேசி முடிவுசெய்யுங்கள். 6,000 என்றால் வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை 6,000. அடுத்த பள்ளி விடுமுறைக்கு ஆறேழு மாதங்களுக்கு முன்பே, திரும்பப் பெறக்கூடிய முன்பணம் கட்டி, நான்கு கட்டில் உள்ள உள்ளறை ஒன்றைப் பிடித்து வையுங்கள். ஜன்னல் இல்லாத அறை என்று மாமியார் முகம் சுளிக்கலாம், ஆனால் கடல் பார்க்க மேல்தளம் முழுவதும் இருக்கிறது. மீதித் தொகை கட்டும் கெடு வரும் வரை வாரம் ஒரு முறை விலையைப் பாருங்கள். குறைந்திருந்தால், புதிய விலைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், மறுத்தால் இரத்துசெய்து மறுபடி எடுங்கள். கெடு தாண்டியபின் விலையைப் பார்க்காதீர்கள், தூக்கம்தான் கெடும். சிங்கப்பூர்தான் என்றில்லாமல், கிள்ளான் துறைமுகத்தில் புலாவ் இண்டாவிலிருந்தோ பினாங்கின் ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்தோ கிளம்பும் பயணம் அந்த விடுமுறையில் உண்டா என்றும் கேளுங்கள். லாபிஸிலிருந்து கிள்ளானுக்குத் தூரம் கூடுதல்தான். ஆனால் எல்லைச் சாவடி நெரிசல் அதில் இல்லை.

உங்கள் தம்பி சொன்னதில் ஓரளவு உண்மை இருக்கலாம். சிங்கப்பூரில் விற்கும் உள்ளூர்வாசி விலை அங்குள்ள அடையாள அட்டைக்காரர்களுக்கு மட்டுமா, வேலை அனுமதி அட்டைக்காரர்களுக்கும் உண்டா என்பது சலுகைக்குச் சலுகை மாறும். அறையில் ஒருவர் உள்ளூர்வாசியாக இருந்தால் போதும் என்று சொல்லும் சலுகைகளும் உண்டு. ஆனால் அவர் பெயருக்கு மட்டும் இருந்தால் போதாது, கூடவே கப்பல் ஏறவேண்டும். பதிவு மேசையில் அட்டையைக் காட்டமுடியாதவரிடம் விலை வித்தியாசத்தை வசூலிப்பார்கள், அல்லது ஏற்றவே மாட்டார்கள். நால்வர் அறையில் ஐந்தாவது ஆளுக்கு இடமில்லை என்பதால், தம்பியும் வந்தால் இரண்டு அறை எடுக்க வேண்டியிருக்கும். அப்போது மாமியாரும் மகனும் தம்பியின் அறையில் தங்கினால் உள்ளூர்வாசி விலை அவர்களுக்கும் பொருந்துமா என்பதை நிறுவனத்திடமிருந்தே எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.