நுவரெலியாக் குளிரைத் தாங்குவது எப்படி? கேள்வி பதில்

நுவரெலியாவில் பிறந்து வளர்ந்து இப்போது வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், மலைக்குப் போகவிருக்கும் கொழும்புக்காரர்களுக்குப் பதில் தருகிறார்.

தெஹிவளையிலிருந்து: அக்கா, தை மாதம் எனக்கு நுவரெலியாவுக்கு இடமாற்றம். உண்மையிலேயே அவ்வளவு குளிரா?

ஆம். நகரம் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6 பாகை குறையும். மழை நாட்களைவிட, தை மாசியில் வானம் தெளிந்திருக்கும் இரவுகளே கடுமையானவை. மேகம் இல்லாவிட்டால் நிலம் பகலில் வாங்கிய சூடு இரவில் நிற்காது. விடியும்போது புல்லில் உறைபனி படிந்திருக்கும். தேயிலைத் துளிர்கூடக் கருகிவிடும். ஆனால் பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். வெயில் விழும் பக்கத்து யன்னல்களைத் திறந்துவையுங்கள். பின்னேரம் நான்கு மணிக்கே மூடித் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: பெரிய ஹீற்றர் ஒன்று வாங்கிவிட்டால் போதுமா?

2000 வாற்று ஹீற்றர் மணிக்கு 2 அலகு மின்சாரம் குடிக்கும். அது ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். பழைய வீடுகளின் 5 அம்பியர் பிளக்கில் மாட்டினால் உருகித் தீப்பிடிக்கலாம். அறையைச் சூடாக்குவதைவிட உடம்பின் சூட்டைக் காப்பது மலிவு. மெத்தைக்கு அடியிலிருந்தும் குளிர் ஏறும். பலர் மேலே மூன்று போர்வை போர்த்திக்கொண்டு இதை மறந்துவிடுகிறார்கள். மெத்தையின் மேல் ஒரு கம்பளியை விரித்து, அதன்மேல் படுங்கள். தடித்த ஒரு சட்டையைவிட மெல்லிய மூன்று நல்லது. படுக்க அரைமணி நேரத்துக்கு முன் சுடுதண்ணீர்ப் பையைத் துவாயில் சுற்றிக் கால்மாட்டில் வையுங்கள். கொதிக்கும் நீரை ஊற்றாதீர்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து: ஒரு தட்டில் கரி மூட்டி அறைக்குள் வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். கரி எரியும்போது காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு வெளியாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. முதலில் தலையிடி, பிறகு மயக்கம். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு அந்த எச்சரிக்கைகூடக் கிடைக்காது. தணல் சிவந்து, புகையில்லாமல் இருப்பதைப் பார்த்து ஆபத்து நீங்கிவிட்டதென்று நம்பிவிடாதீர்கள். அப்போதும் அந்த வாயு வந்துகொண்டுதான் இருக்கும். யன்னலைச் சற்றுத் திறந்துவைப்பதும் காப்பாற்றாது. புகைபோக்கியுள்ள பழைய கணப்படுப்பு என்றாலும், புகைபோக்கி துப்புரவாக இருக்கிறதா என்று கேட்டறிந்த பிறகே மூட்டுங்கள். சுற்றுலா போகும் பிள்ளைகளுக்கும் இதைக் கட்டாயம் சொல்லி அனுப்புங்கள்.

மருதானையிலிருந்து: பிராண்டி சூடு தருமாமே?

தராது. தோல் சூடானதுபோலத் தெரியும். உள்ளிருக்கும் வெப்பம் வெளியேறிவிடும். இஞ்சி போட்ட தேநீர் குடியுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து: ஆறு மாதக் குழந்தையுடன் போகிறோம். கை சில்லென்று இருந்தால் என்ன செய்வது?

குழந்தையின் கை எப்போதும் சற்றுக் குளிர்ந்தே இருக்கும். பிடரியையோ நெஞ்சையோ தொட்டுப் பாருங்கள். அங்கே இளஞ்சூடு இருந்தால் கவலை வேண்டாம். தூங்கும்போது முகத்தை மூடக்கூடிய தளர்ந்த போர்வையும் தொப்பியும் வேண்டாம். உடுப்பில் ஒன்றைக் கூட்டுங்கள். சுடுதண்ணீர்ப் பையைக் குழந்தையின் படுக்கையில் விட்டுவைக்காதீர்கள்.

பொரளையிலிருந்து: சுவரில் பூஞ்சணம் பிடிக்கிறது என்கிறார்களே?

ஈர உடுப்பை வீட்டுக்குள் காயப்போடுவதே பெரும்பாலும் காரணம். வெளியே வெயிலில் போடுங்கள். நண்பகலில் பத்து நிமிடம் எதிரெதிர் யன்னல்களைத் திறந்து காற்றோட விடுங்கள். அலுமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விட்டு வையுங்கள்.