ஜெபத் தோழி இல்லாத அதிகாலை

கேள்வி: நானும் எங்கள் சபையைச் சேர்ந்த ஓர் அக்காவும் பல வருடங்களாக அதிகாலை 5 மணிக்குத் தொலைபேசியில் சேர்ந்து ஜெபித்து வந்தோம். அவர்களுக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் சபையார் உபவாசமிருந்து ஜெபித்தார்கள். ஆனாலும் கடந்த மாதம் அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார்கள். துக்க வீட்டில் நான் அழுதபோது, "விசுவாசி இப்படி அழலாமா? அவர்கள் பரலோகத்தில் சந்தோஷமாக இருக்கிறார்கள்" என்று சிலர் கடிந்துகொண்டார்கள். ஜெபித்தவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று ஒருவர் சொன்னது நெஞ்சை அறுக்கிறது. இப்போதும் 5 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, ஜெபம்தான் வரவில்லை. அக்கா நடத்திய ஓய்வுநாள் பள்ளி வகுப்பை என்னை எடுக்கும்படி எங்கள் சபைப் போதகரான ஐயர் கேட்கிறார். நான் என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, உங்களைக் கடிந்துகொண்டவர்கள் நல்லெண்ணத்தோடுதான் பேசியிருப்பார்கள், ஆனால் அவர்கள் சொன்னதற்கு வேதத்தில் ஆதாரம் இல்லை. பெத்தானியாவுக்குப் புறப்படும் முன்பே, மரித்துப்போன லாசருவை எழுப்பப் போவதாகச் சீஷர்களிடம் சொல்லிவிட்ட இயேசு, வந்து சேர்ந்ததும் "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்று அவனுடைய சகோதரி மார்த்தாளிடம் அறிவித்தவர், மற்றச் சகோதரி மரியாளும் அவளோடு வந்தவர்களும் அழுவதைக் கண்டபோது தாமும் கண்ணீர் விட்டார். இன்னும் சற்று நேரத்தில் கல்லறை திறக்கப்போகிறது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அவர் அழுதார். அழுதுகொண்டிருந்த மரியாளை அவர் கடிந்துகொள்ளவும் இல்லை. ஸ்தேவானையும் நினைத்துப் பாருங்கள். வானங்கள் திறந்திருப்பதைக் கண்டபடியே உயிர்விட்ட அவர் போன இடத்தைப் பற்றி ஒருவருக்கும் ஐயம் இருந்திருக்க முடியாது. இருந்தும், தேவபக்தியுள்ள மனுஷர் அவரை அடக்கம்பண்ணி மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் என்று அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரம் சொல்கிறது. அழுதவர்களைத் தேவபக்தியுள்ளவர்கள் என்றே அதை எழுதிய லூக்கா குறிப்பிடுகிறார்.

பவுலின் மனமும் இப்படித்தான் இருந்தது. பிலிப்பியர் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் "சாவு எனக்கு ஆதாயம்" என்று எழுதிய அதே மனிதர், அடுத்த அதிகாரத்தில் தம் உடன் ஊழியன் எப்பாப்பிரோதீத்து வியாதிப்பட்டு மரணத்திற்குச் சமீபமாயிருந்ததைப் பற்றி எழுதும்போது, தமக்குத் "துக்கத்தின்மேல் துக்கம்" நேராதபடி தேவன் இரங்கினார் என்கிறார். தம்முடைய சாவு தமக்கு ஆதாயம். நண்பனுடைய சாவோ தமக்குத் துக்கம். உங்கள் அக்கா ஆதாயம் அடைந்திருக்கிறார்கள் என்பது உண்மை, நீங்கள் ஒருவரை இழந்திருக்கிறீர்கள் என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்க வேண்டியதில்லை.

துக்க வீடுகளில் அடிக்கடி வாசிக்கப்படும் 1 தெசலோனிக்கேயர் 4-ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசியுங்கள். தெசலோனிக்கே சபை மிகவும் இளம் சபை. பவுல் அங்கே தங்கியிருந்த காலம் குறைவு. அவர் போனபின் விசுவாசிகளில் சிலர் மரித்துவிட, கர்த்தர் வரும்போது இவர்களுக்குப் பங்கில்லாமல் போய்விடுமோ என்று மற்றவர்கள் கலங்கினார்கள். கி.பி. 50-ஆம் ஆண்டையொட்டி பவுல் அவர்களுக்கு எழுதிய பதில் துக்கமே கூடாது என்று சொல்லவில்லை, நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. இயேசு மரித்து எழுந்தார் என்பதுதான் அந்த நம்பிக்கைக்கு அவர் காட்டும் ஆதாரம். கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள், பின்பு உயிரோடிருக்கும் நாமும் "அவர்களோடேகூட" எடுத்துக்கொள்ளப்படுவோம் என்கிறார். அக்காவை மறுபடியும் காண்பேனா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை. ஆனாலும் உங்கள் கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் அந்தக் கேள்வி இருக்கிறது. காண்பீர்கள். சரீரம் உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறேன் என்று ஞாயிறுதோறும் நாம் விசுவாசப் பிரமாணத்தில் சொல்வது இதைத்தான்.

விசுவாசம் போதவில்லை என்ற பேச்சுக்கு வருகிறேன். இது ஆறுதலே அல்ல. துக்கத்திலிருப்பவர் தோளில் குற்றச்சாட்டை ஏற்றும் கொடுமை. அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தில் ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொலைசெய்தான்; அதே அதிகாரத்தில் பேதுருவைத் தேவதூதன் சிறையிலிருந்து விடுவித்தான். இருவரும் அப்போஸ்தலர்கள். ஒருவர் ஏன் போனார், மற்றவர் ஏன் தப்பினார் என்று வேதம் ஒரு வரிகூட விளக்கவில்லை. யாக்கோபின் காரியத்தில் சபையின் விசுவாசம் குறைவுபட்டது என்றும் சொல்லவில்லை. நம் மாவட்டத்திலேயே, தோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையாருக்கு வலதுகரமாயிருந்த பொன்னம்மாள், புற்றுநோயால் நெடுநாள் வேதனைப்பட்டு 1915-இல் மரித்தார். அந்த வீட்டில் ஜெபத்துக்குக் குறைவிருந்தது என்று யார் சொல்லத் துணிவார்? அம்மையார் தம் தோழியை மறந்துவிட முயலவில்லை, அவரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பிள்ளைகளின் பணியையும் 1951-இல் தாம் மரிக்கும்வரை விடவில்லை. அடுத்த முறை யாராவது அப்படிப் பேசினால் வாதாட வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

5 மணிக்கு ஜெபம் வராததைப் பாவமாக எண்ணாதீர்கள். சொந்த வார்த்தைகள் வராதபோது சங்கீதத்தின் வார்த்தைகளை வாய்விட்டு வாசியுங்கள். நான் 88-ஆம் சங்கீதத்தைச் சொல்வேன். துக்கத்திலிருப்பவருக்கு அதைக் கொடுக்கலாமா என்று சிலர் தயங்குவார்கள். "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர்" என்ற முறையீட்டோடு, ஒரு ஸ்தோத்திரமும் இல்லாமல் முடிகிற சங்கீதம் அது. ஆனால் அந்த முறையீடும் தேவனை நோக்கியே சொல்லப்படுகிறது, ஆகையால் அதுவும் ஜெபமே. அதை வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாலும் போதும். வாரத்தில் ஒரு நாளாவது அந்த நேரத்தில் இன்னொருவரை அழைத்துப் பேசுங்கள். அக்காவின் மகளோ தங்கையோ உங்களைப்போலவே விழித்திருக்கலாம். "இந்த வார்த்தைகளினாலே ஒருவரையொருவர் தேற்றுங்கள்" என்றுதான் பவுல் 1 தெசலோனிக்கேயர் 4-ஆம் அதிகாரத்தை முடிக்கிறார். தனியே ஒருவர் தம்மைத் தாமே தேற்றிக்கொள்ளும்படி அவர் எங்கும் சொல்லவில்லை. அக்காவின் பெயரைச் சொன்னால் நீங்கள் அழுதுவிடுவீர்கள் என்று சபையின் பெண்கள் சங்கத்தார் ஒருவேளை வாய்மூடியிருக்கலாம். நீங்களே முதலில் அந்தப் பெயரை எடுங்கள். யோப்பா பட்டணத்து விதவைகள், மரித்துப்போன தொற்காள் தைத்துக் கொடுத்த அங்கிகளைப் பேதுருவுக்குக் காட்டி அழுதார்கள். அவர்களைப்போல, அக்கா உங்களுக்குச் செய்தவற்றைச் சொல்லிச் சொல்லி அழலாம். இவையெல்லாம் செய்தும் மாதக்கணக்கில் ஊணும் உறக்கமும் இல்லாமல் போனால், தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். அதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை.

வகுப்பைப் பொறுத்தவரை, உடனே ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. வேறொருவரை இப்போதைக்கு நியமிக்கும்படியும், ஞாயிறுதோறும் நீங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து உதவுவதாகவும் ஐயரிடம் சொல்லுங்கள். ஆசிரியையை இழந்த அந்தப் பிள்ளைகளும் துக்கத்தில் இருக்கிறார்கள். பெரியவர்கள் யாரும் அவர்களிடம் இதைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்கள். அவர்களுடைய கேள்விகளுக்கு உங்களால் அழாமல் பதில் சொல்ல முடிய வேண்டும் என்பதில்லை. கிறிஸ்துமஸ் முடிந்தபின், எடுக்க மனம் வந்தால், வகுப்பை எடுங்கள்.