கேள்வி–பதில்: வால்வா, ட்ரான்சிஸ்டரா?

கே: என் ட்ரான்சிஸ்டர் அம்பிளிபயரின் சத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது. கூட்டாளிகளோ, "வால்வு செட்டு கேட்டுப் பழகினால் இதைத் தூக்கிப் போட்டுவிடுவாய்" என்கிறார்கள். என் காதில்தான் குறையா?
— வாசகர், ஹட்டன்

ப: உங்கள் காதில் ஒரு குறையும் இல்லை. 300பி என்ற கண்ணாடிக் குழாய் வால்வு ஒன்றை வைத்து 8 வோட்ஸ் அளவுக்கு மட்டும் தரும் செட்டுகள், பாட்டில் வரும் ஒவ்வொரு சுரத்தோடும் அதன் மேல் ஸ்தாயிச் சுரத்தை மெல்லச் சேர்த்துவிடும். குரலும் வயலினும் நிறைந்து கேட்பது அதனால்தான். ஸ்பீக்கரை அடக்கி வைக்கும் பலம் அவற்றுக்குக் குறைவு என்பதால் தவில் அடி கொஞ்சம் தளர்ந்து விழும். சிலருக்கு அந்த நிறைவு வேண்டும், சிலருக்கு அடி கணீரென்று விழ வேண்டும். 1985இல் பாப் கார்வர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், ஸ்டீரியோஃபைல் சஞ்சிகையார் தெரிவு செய்த விலை கூடிய வால்வு செட்டுப் போலவே கேட்கும்படி தனது மலிவான ட்ரான்சிஸ்டர் செட்டை மாற்றிக் கொடுத்தார். அவர்களால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள்.

கே: பெட்டியில் '1000 வோட்ஸ் பிஎம்பிஓ' என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?
— வாசகர், தலவாக்கலை

ப: வேண்டாம். பிஎம்பிஓ என்பது கண நேர உச்சத்தை வைத்து விளம்பரத்துக்காகப் போடும் எண். பின்பக்கத் தகட்டில் அது எத்தனை வோட்ஸ் கரண்ட் இழுக்கிறது என்று பாருங்கள். 40 இழுப்பது 1000 எப்படிக் கொடுக்கும்?

கே: கடையில் இரண்டு அம்பிளிபயர் போட்டுக் காட்டினார்கள். இரண்டாவது தெளிவாக, உயிரோடு இருந்தது. 60,000 ரூபாய் கூடக் கொடுத்து அதையே எடுத்தேன். வீட்டில் அந்தத் தெளிவு இல்லை. செட்டு பழுதா?
— வாசகி, பண்டாரவளை

ப: செட்டு பழுதில்லை அம்மா. உங்களுக்குப் போட்டுக் காட்டிய விதத்தில்தான் கோளாறு. எனக்கு ஆகவே ஆகாத விஷயம் இது, அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரே பாட்டை ஒரு டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) கூட்டி வைத்தால் 'சத்தம் கூடியிருக்கிறது' என்று நமக்குத் தோன்றாது, 'நன்றாக இருக்கிறது' என்றுதான் தோன்றும். சத்தம் குறைவாக இருக்கும்போது அடிநாதம் (பேஸ்) நம் காதுக்கு எட்டுவது மிகவும் குறைந்துவிடும். ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் 1933இலேயே இதை அளந்து எழுதிவிட்டார்கள். விற்க நினைக்கும் செட்டின் குமிழை ஒரு நூல் கூட்டினால் போதும், மற்றது சோர்ந்து கேட்கும். கண்டியில் நானும் இப்படிக் கேட்டு ஒரு செட்டு வாங்கியிருக்கிறேன். வீட்டில் பழையதோடு சத்தத்தைச் சமப்படுத்தி வைத்துக் கேட்டபோது எது புதியது என்று வீட்டில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

அடுத்த முறை கடைக்கு ஒரு மல்டிமீட்டர் கொண்டுபோங்கள். 200 ஹேர்ட்ஸ் சோதனை ஒலியை ஃபோனில் எடுத்துப் போங்கள். அதை ஓடவிட்டு, ஸ்பீக்கர் வயர் பூட்டும் இடத்தில் ஏசி வோல்ட்டை அளவுங்கள். ஒன்றில் 2 வோல்ட் காட்டினால் மற்றதிலும் 2 வோல்ட் வரும்வரை குமிழைத் திருப்புங்கள். பிறகு, எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாதபடி கூட வந்தவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். இதற்குச் சம்மதிக்காத கடையில் இந்த விலைக்குப் பொருள் வாங்காதீர்கள். சம்மதித்தாலும், ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்த்துத் திருப்பித் தரலாம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். சீமெந்துச் சுவர் அறையில் அடிநாதம் முழங்குவது கடையில் தெரியாது.

கே: ஜப்பான் பழைய அம்பிளிபயர் ஒன்றை வாங்கி வந்து ப்ளக்கைச் சொருகினேன். புகை வந்தது. கடைக்காரன் கையை விரிக்கிறான்.
— வாசகர், பதுளை

ப: ஜப்பானில் 100 வோல்ட், நம் சுவரில் 230. அங்கு கிழக்கில் 50 ஹேர்ட்ஸ், மேற்கில் 60 என்பதால் ஹேர்ட்ஸ் ஒரு பிரச்சினையே இல்லை. வோல்ட்தான் கொன்றிருக்கிறது. '100V' என்று பின்னால் அச்சடித்திருக்கும். அந்த ஒரு வரியைப் படிக்காமல் சொருகிவிட்டு என்னிடம் என்ன கேட்கிறீர்கள்? முதலில் ஃபியூஸைப் பார்க்கச் சொல்லுங்கள். பிழைத்திருந்தால், 230ஐ 100 வோல்ட்டாகக் குறைக்கும் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் ஒன்றை, அது இழுக்கும் வோட்ஸைவிடக் கூடியதாகப் பார்த்து வாங்கிய பிறகே மறுபடி கரண்ட் கொடுங்கள்.

கே: ஓய்வூதியப் பணத்தில் 'புத்தம் புதியது' என்று வால்வு அம்பிளிபயர் வாங்கினேன். திறந்து பார்த்தால் உள்ளே துரு, தொடர் இலக்கம் சுரண்டப்பட்டிருக்கிறது. "விற்ற சாமானைத் திருப்பி எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். இரண்டு மாதமாகிறது. பில் இருக்கிறது.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், நுவரெலியா

ப: ஐயா, உங்கள் மேல் எந்தப் பிழையும் இல்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் அந்த அதிகாரசபையிடம் முறைப்பாடு செய்ய வேண்டும். ஒரு மாதம்தான் மிச்சம் இருக்கிறது, இந்த வாரமே எழுதுங்கள். பில் பிரதியையும், துருவும் சுரண்டிய இடமும் தெளிவாகத் தெரியும் படங்களையும் வையுங்கள். கடைக்கும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தால் வழி சொல்வார்கள். அதுவரை யாரையும் அதில் கை வைக்க விடாதீர்கள். பழுது பார்த்துவிட்டால் "நீங்களே கெடுத்தீர்கள்" என்பார்கள். கரண்ட்டைக் கழற்றிய பிறகும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கும், நீங்களும் தொட வேண்டாம். பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள், கட்டாயம் தொடர்ந்து பார்ப்பேன்.

கே: லயத்து வீடு, தகரக் கூரை. மழை பெய்தால் பாட்டுக் கேட்பதில்லை. 20 வோட்ஸை விற்று 200 வாங்கவா?
— வாசகர், நானுஓயா

ப: பத்து மடங்கு வோட்ஸ் கொடுத்தாலும் காதுக்கு இரண்டு மடங்கு அளவுதான் கேட்கும். அந்தக் காசுக்குச் சீலிங் அடியுங்கள்.