கணினியும் கணக்கேடும்

கேள்வி: நாங்கள் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் மளிகைக் கடை நடத்தும் குடும்பம். பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகள், பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலையும் வணிகவியலையும் ஒரே பட்டமாகச் சேர்த்துப் படிக்க விரும்புகிறாள். அவளுடைய அப்பாவோ, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிடும், ஏதேனும் ஒன்றை முழுமையாகப் படி என்கிறார். அதற்காகக் கேப் டவுன் வரை அனுப்பவும் தயக்கமாக இருக்கிறது. தங்கள் கருத்து என்ன?
– ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். உங்கள் கணவரின் அச்சம் நியாயமானதே. பெயரில் கணினியை வைத்துக்கொண்டு, நிரல் எழுதுவதைத் தொடக்கப் பாடங்களோடு நிறுத்திவிடும் பட்டங்களும் உண்டு. அப்படி ஒன்றில் சேர்ந்தால் அவர் சொன்னதுதான் நடக்கும். ஆனால் இந்த இரு துறைகளும் அடிப்படையில் எவ்வளவு நெருக்கமானவை என்பதை அவருடைய கடையை வைத்தே விளக்க விரும்புகிறேன்.

கடனுக்கு ஒரு மூட்டை அரிசி போனால், இருப்பில் குறைவதும் வாடிக்கையாளரின் பெயரில் பற்று ஏறுவதும் சேர்ந்தே நடக்க வேண்டும். வெனிஸ் வணிகர்கள் கையாண்டுவந்த இந்த இரட்டைப் பதிவு முறையை, லூக்கா பச்சோலி என்ற இத்தாலியத் துறவி 1494-இல் அச்சிட்ட நூலில் விளக்கினார். தகவல்களை ஒழுங்காகச் சேமித்துவைக்கும் தரவுத்தளங்களை உருவாக்கிய கணினி அறிஞர்களும் ஏறக்குறைய இதே சிக்கலை எதிர்கொண்டார்கள். ஒரு வங்கிக் கணக்கில் 500 ராண்டைக் கழித்து, மற்றொரு கணக்கில் சேர்ப்பதற்குள் மின்சாரம் போய்விட்டால் அந்தப் பணம் என்னவாகும்? லோட் ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டோடு வாழ்ந்து பழகிய நமக்கு இது கற்பனைக் கேள்வி அன்று. அதனால்தான், செய்யவிருக்கும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் பதிந்துவிட்டு, மின்சாரம் திரும்பியதும் அதைப் படித்துப் பார்த்து, பாதியில் நின்ற பரிமாற்றத்தை ஒன்று முழுமையாக்க வேண்டும் அல்லது அடியோடு விலக்க வேண்டும் என்ற ஏற்பாட்டைத் தரவுத்தளங்களில் வைத்தார்கள். இத்துறையில் ஆற்றிய பணிக்காக அமெரிக்கக் கணினி அறிஞர் ஜிம் கிரே, கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருதை 1998-ஆம் ஆண்டுக்குப் பெற்றார்.

கணக்குப்பதிவியல் அறியாத நிரலாளர், சரக்கு திரும்பி வந்ததும் பழைய விற்பனைப் பதிவை அழித்துவிடும்படி மென்பொருளை எழுதிவிடுவார். அறிந்தவர், பழைய பதிவை அப்படியே விட்டுவிட்டு எதிர்ப்பதிவு ஒன்றைச் சேர்ப்பார். தணிக்கையாளர் வந்து கேட்கும்போது இரண்டும் அங்கே இருக்கும். உங்கள் மகள் கேட்கும் படிப்பின் பயனை நான் இத்தகைய இடங்களில்தான் காண்கிறேன்.

இனி, எங்கே படிப்பது என்பதைப் பார்ப்போம். கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் வணிகப் புலம், கணினி அறிவியலைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட நான்கு ஆண்டு வணிக அறிவியல் பட்டத்தை வழங்குகிறது. டர்பனிலேயே, குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் கணினி அறிவியலும் இருக்கிறது, வணிகப் பட்டத்தின் கீழ்த் தகவல் முறைமைகள் என்ற துறையும் இருக்கிறது. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணிவிட வேண்டாம். ஒரு நிறுவனத்துக்கு எத்தகைய மென்பொருள் தேவை, அதை எவ்வாறு வடிவமைத்து நடைமுறைக்குக் கொண்டுவருவது என்பதைத் தகவல் முறைமைகள் கற்பிக்கும்; வழிமுறைகள், தரவுக் கட்டமைப்புகள், இயங்குதளம் ஆகியவற்றின் உள்ளமைப்பைக் கணினி அறிவியல் கற்பிக்கும். தகவல் முறைமைகள் தாழ்ந்ததும் அன்று: தென்னாப்பிரிக்கத் தொழில்முனைவர் மார்க் ஷட்டில்வொர்த் கேப் டவுனில் நிதியியலும் தகவல் முறைமைகளும் படித்தவர், 1995-இல் அவர் தொடங்கிய தாவ்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தை 1999-இல் வெரிசைன் என்ற அமெரிக்க நிறுவனம் 57.5 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. பின்னர் அவரே உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தையும் தொடங்கினார். ஆயினும் எது வேண்டும் என்பதைச் சேர்வதற்கு முன்பே தெளிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு புலத்தின் கையேட்டையும் வாங்கி, மூன்றாம் ஆண்டில் என்னென்ன கணினிப் பாடங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பட்டத்தின் பெயரைவிட அந்தப் பட்டியல் உண்மையாகப் பேசும்.

பள்ளியில் கணக்குப்பதிவியல் எடுக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், கணிதம்தான் முக்கியம். மேட்ரிக் என்னும் பள்ளி இறுதித் தேர்வில் கணித எழுத்தறிவு என்ற எளிய பாடத்தை எடுத்தவர்களுக்குக் கணினி அறிவியல் பட்டத்தின் கதவு பெரும்பாலும் திறப்பதில்லை. வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை யாரேனும் இருந்தால், பத்தாம் வகுப்புக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் முன் இதைத் தயவுசெய்து சொல்லிவையுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்கு மிகாதவர்கள் என்எஸ்ஃபாஸ் என்னும் அரசு மாணவர் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். அது முதல் பட்டத்துக்கானது என்பதால், நான்கு ஆண்டுப் பட்டத்தையும், மூன்று ஆண்டுப் பட்டத்துக்குப் பின் தனியாக ஓராண்டு ஹானர்ஸ் என்னும் மேற்பட்டம் படிப்பதையும் ஒப்பிடும்போது, அந்தக் கடைசி ஆண்டுச் செலவை யார் ஏற்பார்கள் என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

கேப் டவுனா வெஸ்ட்வில்லா என்பதை முடிவுசெய்ய ஒரு வழி சொல்கிறேன். வரும் விடுமுறையில் கடையின் பேரேட்டை ஒரு மாதம் மகளிடம் ஒப்படைக்கும்படி உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். அதே மாதத்தில் இருப்பைக் கணக்கிடும் சிறு நிரல் ஒன்றையும் அவள் பைதான் என்ற நிரல்மொழியில் எழுதட்டும். இரண்டையும் விரும்பிச் செய்தால், தொலைவைப் பொருட்படுத்தாமல் கேப் டவுனுக்கு விண்ணப்பியுங்கள். நிரலில் மட்டும் மனம் ஒன்றி, பேரேடு சலிப்புத் தந்தால், வெஸ்ட்வில்லில் கணினி அறிவியலை முழுமையாகப் படிக்கட்டும். அப்போது உங்கள் கணவர் சொன்னதே சரி.