கடன் பத்திரத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாமா?

கேள்வி: கோத்தகிரி அருகே எங்களுக்குச் சிறிய தேயிலைத் தோட்டம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு, குன்னூரில் கிளை வைத்திருந்த ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் என் பெயரில் 60,000 ரூபாய் கடன் வாங்கினேன். ஈடாக எதையும் வைக்கவில்லை. கொரோனா ஊரடங்கு வரும்வரை தவணை கட்டினேன், பிறகு முடியவில்லை. அந்தக் கிளையையும் மூடிவிட்டார்கள். இப்போது கோயம்புத்தூரிலிருந்து பேசுவதாகச் சொல்லும் ஒருவர், அந்தக் கடனைத் தங்கள் நிறுவனம் வாங்கிவிட்டது, 1,42,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தினமும் போன் செய்கிறார். போன வாரம் பச்சைத் தேயிலை எடை போடும் இடத்துக்கே வந்து எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். “இப்போதைக்கு ஆயிரம் ரூபாய் மட்டும் ஜிபேயில் போடுங்கள், மிச்சத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்” என்கிறார். என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. பத்திரத்தைக் காட்டச் சொன்னால் வழக்குப் போட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
– கோத்தகிரி வாசகி

பதில்: தயங்காமல் கேளுங்கள், அம்மா. கேட்பது உங்கள் உரிமை. கடன் ஒப்பந்தத்தின் நகலை, அதில் குறிப்பிடப்படும் இணைப்புகளோடு சேர்த்து, கடன் கொடுக்கும்போதே கடன் வாங்குபவரிடம் தந்துவிட வேண்டும் என்பது நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி வகுத்திருக்கும் நியாய நடைமுறை விதி. அன்றைக்கே உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டியதைத்தான் இன்றைக்குக் கேட்கப்போகிறீர்கள். கேட்டதால் வழக்கு வந்துவிடும் என்ற பயமும் வேண்டாம். வழக்குப் போடுகிறவர் கடன் கொடுத்ததையும், எவ்வளவு பாக்கி என்பதையும், அதை வசூலிக்கும் உரிமை தமக்கு வந்த விதத்தையும் நீதிமன்றத்தில் ஆவணங்களோடு மெய்ப்பிக்க வேண்டும். உங்களிடம் காட்ட முடியாத காகிதத்தை நீதிபதியிடம் மட்டும் எப்படிக் காட்டுவார்?

கடனை வாங்கிவிட்டோம் என்று போனில் சொன்னால் போதாது. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 130-ஆம் பிரிவின்படி, இத்தகைய கடன் பாக்கியை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுப்பது கையெழுத்திட்ட எழுத்துமூல ஆவணத்தால்தான் செல்லும். எனவே உங்களிடம் பேசுகிறவர் கடனை வாங்கிய நிறுவனத்தைச் சேர்ந்தவரா, பழைய நிறுவனம் அமர்த்திய வசூல் ஏஜென்டா, எங்கிருந்தோ உங்கள் போன் நம்பரை எடுத்துக்கொண்டு ஏமாற்ற வந்தவரா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியும்வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்த ஆயிரம் ரூபாயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பலர் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். ஈடில்லாத கடனுக்கு வழக்குத் தொடர, காலவரையறைச் சட்டம் பொதுவாக 3 ஆண்டுகள் தருகிறது. கொரோனாவை முன்னிட்டு 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான நாள்களை உச்ச நீதிமன்றம் இந்தக் கணக்கிலிருந்து விலக்கியதால், ஊரடங்குக் காலத்தில் நின்றுபோன தவணைகளுக்கு 1.3.2022-இலிருந்து எண்ண வேண்டும். அப்படிப் பார்த்தால் 2025 பிப்ரவரியோடு அந்தக் கெடு முடிந்திருக்கக்கூடும். ஆனால் கெடு முடிவதற்குள் நீங்கள் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டிருந்தாலோ, ஒரு பகுதியைக் கட்டி அது எழுத்தில் பதிவாகியிருந்தாலோ, அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டுகள் ஓடத் தொடங்கும். கெடு முடிந்த பிறகும்கூட, கட்டுகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி அது தனி ஒப்பந்தமாகவே செல்லும். சிறு தொகையாவது போடுங்கள், ஒரு கடிதமாவது கொடுங்கள் என்று அவர்கள் வற்புறுத்துவதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கக்கூடும்.

ஆகவே கடிதத்தின் முதல் வரியைக் கவனமாக எழுதுங்கள். “நான் வாங்கிய கடனுக்கு” என்று தொடங்க வேண்டாம். “தாங்கள் குறிப்பிடும் கடனை இக்கடிதத்தின் மூலம் நான் ஒப்புக்கொள்ளவில்லை, அது தொடர்பான கீழ்க்கண்ட ஆவணங்களின் நகல்களைக் கோருகிறேன்” என்று எழுதுங்கள். அதன்கீழ், உங்கள் கையெழுத்துள்ள கடன் ஒப்பந்தம், கடன் வழங்கிய நாள் முதல் இன்றுவரையிலான முழுக் கணக்கு விவரம், கடனை மாற்றிக்கொடுத்த ஆவணம், வசூலுக்கு வருபவருக்கு நிறுவனம் கொடுத்த அதிகாரக் கடிதம் ஆகியவற்றைக் கேளுங்கள். 60,000 எப்படி 1,42,000 ஆனது என்பதை அசல், வட்டி, அபராதம் என்று பிரித்துக் காட்டும்படியும் கேளுங்கள். அபராதத்தைத் தனிக் கட்டணமாகத்தான் விதிக்க வேண்டும், அதன்மேல் மீண்டும் வட்டி போடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023-இல் சொல்லியிருக்கிறது. பழைய கடன்களுக்கும் 2024 முதல் இது பொருந்தும்.

ஒரு பிரதியை, போனில் பேசும் நிறுவனத்துக்கும், இன்னொன்றைக் கடன் கொடுத்த நிறுவனத்தின் தலைமை அலுவலகக் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதையும் சேர்ந்த விவரத்தையும் பத்திரப்படுத்துங்கள். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. 30 நாள்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் (ஓம்புட்ஸ்மேன்) கட்டணமில்லாமல் புகார் செய்யலாம். 14448 என்ற எண்ணில் வழிமுறையைக் கேட்டறியலாம். இதற்கிடையில் சிபில் போன்ற நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தரும் கடன் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். கடன் இன்று யார் பெயரில், எவ்வளவு பாக்கியோடு பதிவாகியிருக்கிறது என்பது அதில் தெரியும்.

எடை போடும் இடத்தில் நடந்ததை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பொது இடத்தில் அவமானப்படுத்துவதையும், மிரட்டுவதையும், காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்வதையும் 2022 ஆகஸ்ட்டில் வந்த ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை தடை செய்கிறது. ஏஜென்ட் செய்யும் தவறுக்கு அவரை அனுப்பிய நிறுவனமே பொறுப்பு. அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் யார், என்ன பேசினார் என்பதைத் தேதியோடு குறித்துவைத்து, புகாரில் சேருங்கள். மிரட்டினால் காவல் நிலையத்திலும் எழுதிக்கொடுங்கள். பெண் என்பதால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் உங்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. ஊட்டியில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம்.

பத்திரம் இல்லை என்பதாலேயே கடன் இல்லை என்று ஆகிவிடாது. கெடு கடந்த கடனும் கடன் அறிக்கையில் தொடர்ந்து நிற்கலாம். அடுத்த கடனுக்கு அது தடையாகும். சரியான ஆவணங்களும் நியாயமான கணக்கும் வந்து, கட்டி முடிக்கலாம் என்று நீங்களே தீர்மானித்தால், ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு, முடிவுத் தொகையை நிறுவனத்தின் கடிதத்தாளில் எழுதி வாங்கிய பிறகு, நிறுவனத்தின் கணக்கில் மட்டும் கட்டுங்கள். தனி ஆளின் ஜிபே எண்ணுக்கு ஒருபோதும் அனுப்பாதீர்கள்.

கேள்வி: உடன் வேலை பார்த்தவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவர் ஊரைவிட்டே போய்விட்டார். பத்திரத்தை நானும் கேட்கலாமா?
– கூடலூர் வாசகர்

பதில்: கட்டாயம் கேளுங்கள். கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ, ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு என்பதுதான் பொது விதி. ஆனால் ஜாமீன் பத்திரத்தில் வேறு வரம்பு எழுதியிருந்தால் அதுவே செல்லும். அந்த வரம்பைப் பார்ப்பதற்காகவே பத்திரம் உங்களுக்குத் தேவை. உங்கள் சம்மதம் இல்லாமல் கடன் நிபந்தனைகளை மாற்றியிருந்தால், அதன் பிறகு நடந்தவற்றுக்கு நீங்கள் பொறுப்பல்ல. கட்ட நேர்ந்தால், ஜாமீன்தாரர் என்ற முறையில் கட்டியதாகக் குறிப்பிட்டு ரசீது வாங்குங்கள். பின்னர் அந்த நண்பரிடமிருந்து தொகையைத் திரும்பப் பெற அது வேண்டியிருக்கும்.