மூன்று வண்டிக்கும் ஒரே சென்சார் பொருந்துமா?

கேள்வி: தரங்கம்பாடிப் பக்கம், சுற்றுலா வருபவர்களுக்காக மணலிலும் மேடுபள்ளத்திலும் ஓடும் நான்கு சக்கர ஏ.டி.வி. வண்டி ஒன்றை, பழையதுதான், நானே ஓட்டிப் பிழைக்கிறேன். சில வாரங்களாகக் கரும்புகை வருகிறது, ப்ளக் கரிபிடிக்கிறது. காற்று உள்ளே போகும் வழியில் இருக்கும் சென்சார் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். இணையக் கடையொன்றில், பனிச்சறுக்கு வண்டி, ஏ.டி.வி., நீர் ஸ்கூட்டர் ஆகிய மூன்றுக்கும் பொருந்தும் என்று போட்டு, கம்பெனி விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு விற்கிறார்கள். வாங்கலாமா? ஒத்துவராவிட்டால் புகார் செய்ய வழி உண்டா?
– வாசகர், மயிலாடுதுறை மாவட்டம்

பதில்: அந்த விளம்பரம் முழுப் பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கனடாவின் பி.ஆர்.பி. நிறுவனம் இம்மூன்று வகை வண்டிகளையும் தயாரித்து, மூன்றிலும் ரோட்டாக்ஸ் இன்ஜின்களைப் பொருத்துகிறது. ஆகவே ஒரே உதிரிபாகம் பல வண்டிகளுக்குப் பொதுவாக அமைவது இயல்பே. ஆனால் பொருத்தத்தை முடிவு செய்வது பாகத்தின் எண்தானே தவிர வண்டியின் வகை அல்ல.

காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாருக்குப் பெரும்பாலும் இரண்டு வயர்கள். வெப்பம் ஏற ஏற அதன் மின்தடை குறையும். அழுத்தத்தை அளப்பதற்கு மூன்று வயர்கள், இரண்டையும் சேர்த்து அளப்பதற்கு நான்கு. காற்று 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடேறினால் அதன் அடர்த்தி சுமார் 5 சதவீதம் குறைகிறது. பனிநாட்டில் மைனஸ் 20 டிகிரியிலோ, நம் ஊர்க் கோடைக் காற்றைவிட ஏறத்தாழ கால் பங்கு அடர்த்தி கூடுதல். இந்த வேறுபாட்டுக்கு ஏற்பவே இன்ஜினின் கட்டுப்பாட்டுப் பெட்டி பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கிறது என்பதால், மரையும் கனெக்டரும் அச்சாகப் பொருந்தினாலும் மின்தடைக் கணக்கு வேறாக உள்ள சென்சாரை மாட்டினால், புதிய பாகத்தோடும் பழைய புகையே தொடரக்கூடும்.

வாங்குவதற்கு முன் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். கடற்கரை உப்புக் காற்றில் அதன் பின்கள் பச்சைபூத்து இணைப்பு அற்றுப்போனால், சில வண்டிகளில் கட்டுப்பாட்டுப் பெட்டி அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொண்டு பெட்ரோலை அள்ளி ஊற்றும். அப்போது சென்சார் மீது குற்றமே இல்லை. மணலில் அடைபட்ட ஏர் ஃபில்டரும் சில வண்டிகளில் கரும்புகைக்குக் காரணமாகலாம். இரண்டும் சரியாக இருந்தால், வெப்பச் சென்சாரைக் கழற்றி, குளிர்ந்த நிலையிலும், அதன் முனையை மட்டும் வெந்நீரில் வைத்தும் மல்டிமீட்டரால் அளந்து, வண்டியின் பழுதுநீக்கும் கையேட்டில் உள்ள ஓம் அளவுகளோடு ஒப்பிடச் சொல்லுங்கள். இதைச் செய்யாமலே பாகத்தை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் அவசரப்பட்டுப் பணம் கொடுக்க வேண்டாம்.

புகாரைப் பொறுத்தவரை, வணிகத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்ற விதி உங்களைத் தடுக்காது. சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கிப் பயன்படுத்துபவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. (பல வண்டிகளை ஆள் வைத்து ஓட்டினால் இந்த வாதம் பலவீனப்படும்.) விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். தீராவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள், நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம்.

இதற்கெல்லாம் சான்று வேண்டும். வண்டியின் மாடல், ஆண்டு, பழைய பாகத்தின் எண் ஆகியவற்றை எழுதி, பொருந்துமா என்று விற்பவரிடம் எழுத்திலேயே பதில் கேளுங்கள். விளம்பரப் பக்கத்தையும் பில்லையும் சேமித்து வையுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வாங்குவதைவிட, கம்பெனி விலையைக் கொடுத்துவிடுவதே என் யோசனை.