ஃபார்மகோடைனமிக்ஸ்: எந்தப் புத்தகம் வாங்குவது?

கேள்வி: எம்.ஃபார்ம் முதலாண்டு சேர்ந்திருக்கிறேன். ஃபார்மகோடைனமிக்ஸ் (மருந்து உடலில் எப்படி வேலை செய்கிறது என்னும்) பாடத்துக்கு, பி.ஃபார்மில் படித்த திரிபாதி புத்தகமே போதுமா? புதிதாக வாங்க வேண்டுமா?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: மருந்து வகைப்பாடு, டோஸ், பக்கவிளைவு இவற்றுக்குத் திரிபாதி போதும். ரிசப்டர் (மருந்து போய் ஒட்டும் புரதம்) கணக்குக்குப் போதாது; அதற்கு 'ராங் அண்ட் டேல்' தொடக்க அத்தியாயங்களே எங்கள் தேர்வு. குட்மன் கில்மனை நூலகத்தில் புரட்டிக்கொள்ளலாம், அந்தக் கனத்தைச் சுமக்க வேண்டாம்.

எதை வாங்குவதானாலும் டோஸ்-ரெஸ்பான்ஸ் வளைகோட்டு (டோஸ் கூடக்கூட விளைவு எப்படி ஏறுகிறது என்று காட்டும் கோடு) பக்கத்தைத் திறந்து பாருங்கள். லாக் அளவில் வரைந்த அந்தக் கோடு, போட்டித் தடுப்பான் (மருந்தோடு அதே ரிசப்டருக்குப் போட்டியிடுவது) சேர்ந்தால் வடிவம் மாறாமல் வலப்பக்கம் நகரும், உச்சம் குறையாது. ரிசப்டரை விட்டு விலகாத தடுப்பான் என்றால் உச்சமே தாழும். ஆனால் உபரி ரிசப்டர்கள் (முழு விளைவுக்குத் தேவையானதற்கு மேல் இருப்பவை) இருந்தால் அதுவும் முதலில் வலப்பக்கம்தான் நகர்த்தும். இந்த 'ஆனால்' இல்லாத புத்தகத்தை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

அடுத்து கேடி (Kd), இசி50 (EC50). கேடி அளவு செறிவில் ரிசப்டர்களில் பாதி நிரம்பும்; 90 சதவீதம் நிரம்ப அதைப்போல் 9 மடங்கு வேண்டும். இசி50 என்பது பாதி விளைவு தரும் செறிவு. அந்தப் பாதி விளைவோ, உபரி ரிசப்டர் இருந்தால், கேடிக்கு வெகு முன்பே கிடைத்துவிடும். இரண்டையும் ஒன்றாக்கிவிடும் கைடை நம்பினால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டிக்கொள்வீர்கள்.

மூர் மார்க்கெட்டில் பழைய பதிப்பு கிடைத்தால் ரிசப்டர் அத்தியாயத்துக்காகத் தாராளமாக வாங்கலாம். சிகிச்சை அத்தியாயங்களை மட்டும் புதிய பதிப்பில் படியுங்கள்.